‘யாரும் செத்த மாதிரி தெரியலையே’: பெண் குரலும் பதிவுக் கருவிகளும்

என் பெரியம்மாவுக்கு 76 வயது. ஊரில் சாவு விழுந்தால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அவர் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினால், அதுவரை கல்லாக நின்ற பெண்களும் உடைந்து அழுதுவிடுவார்கள். நான் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் பாடம் எடுக்கிறேன். ஒப்பாரியை இத்தனை வருடமும் அச்சில் பார்த்து வாசித்தே நடத்திவந்தேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “மேடம், இத எப்படிப் பாடுவாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பாட வரவில்லை. பெரியம்மாவின் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அவர் என் வீட்டுக்கு வந்திருந்த சமயம் கேட்டேன். வீட்டுக்குள் பாட மறுத்துவிட்டார். “எல்லாரும் உசுரோட இருக்கையில வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கக் கூடாது தாயி” என்றார். மொட்டைமாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை உண்டு. அங்கே பாய் விரித்து உட்கார்ந்தோம். கீற்று எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஒருவகையில் அது அறையைவிட நல்ல இடம். யுஎஸ்பி மைக்கை மடிக்கணினியில் செருகி, 11 நிமிடங்கள் பதிவு செய்தேன். பெரியம்மா பாடினார், அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி பாடினார். நடுவில் ஒரு காகம் கரைந்தது.

அந்த 11 நிமிடத்தைச் ‘சரிசெய்ய’ எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. மிக்ஸிங் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ப்ளக்-இன்களை அடுக்கினேன். இரைச்சலை நீக்க ஒன்று. பாடாத இடங்களில் ஒலியை அடைத்துவைக்கும் ‘கேட்’ ஒன்று. கூர்மையைக் குறைக்க ஈக்வலைசர். சத்தத்தையும் முணுமுணுப்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் கம்ப்ரஸர். ‘ச’, ‘ஸ’ சீறலை அடக்கும் டி-எஸ்ஸர். சுருதியைத் திருத்த இன்னொன்று. கடைசியில் கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல ரிவெர்ப். மூன்றாம் இரவு கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. கேசட் கடையில் விற்கலாம்போல இருந்தது.

பெரியம்மாவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் கேட்டார்.

“யாரு தாயி பாடுறது?”

“நீங்கதான் பெரியம்மா.”

இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் செத்த மாதிரி தெரியலையே.”

நான் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால் பெண் குரல் எப்படி இருந்தால் ‘நன்றாக’ இருக்கும் என்ற முடிவை நான் எடுக்கவில்லை. அது எனக்கு முன்பே எடுக்கப்பட்டு, அந்தப் பொத்தான்களுக்குள் உட்கார்ந்திருந்தது. யார், எப்போது எடுத்த முடிவு அது? அந்தக் கேள்வியோடுதான் ஒலிப்பதிவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

ஊதுகுழலின் முன்னால்

எடிசன் தன் ஃபோனோகிராஃபை உருவாக்கியது 1877இல். அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பதிவில் மின்சாரமே கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும்; தகட்டோடு இணைந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ எந்தத் திருகும் இல்லை. உச்சத்தில் பாடும்போது பாடுபவர் பின்வாங்க வேண்டும். கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது குழலுக்குள் முகத்தை நீட்ட வேண்டும். இன்றைக்குக் கம்ப்ரஸர் செய்யும் வேலையை அன்றைக்குப் பாடகியின் கழுத்தும் கால்களும் செய்தன.

1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒரு விடுதி அறையைப் பதிவுக்கூடமாக மாற்றினார். அங்கே பாடியவர்களில் ஒருவர் தவாயிஃப் மரபில் வந்த கௌஹர் ஜான். ஒரு தட்டில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் விரியும் இசையை அவர் அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகின; பாடியவர் யார் என்று அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுந்த ஏற்பாடு அது. ஆனால் இன்று கேட்கும்போது, தன் குரலுக்குத் தானே கையெழுத்திடும் ஒரு பெண்ணாகத்தான் அவர் எனக்குக் கேட்கிறார்.

தெற்கிலும் இப்படித்தான் தொடங்கியது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்ற தேவதாசி மரபுப் பாடகிகளின் குரல்களே தொடக்ககால இசைத்தட்டுகளில் முன்வரிசையில் நிற்கின்றன. ‘குடும்பப் பெண்’ பொதுவில் பாடுவது நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்த காலம் அது. பொதுவில் பாடுவதைத் தொழிலாகவும் கலையாகவும் கொண்டிருந்த பெண்கள்தான் அந்தப் புதிய கருவியின் முன்னால் துணிந்து நின்றார்கள். அந்தக் கருவிக்கு ஏற்பப் பாடும் நுட்பத்தைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. ஒலிப்பதிவு வரலாற்றில் கைஸ்பெர்க்குகளுக்குக் கிடைக்கும் ‘முன்னோடி’ என்ற சொல் இவர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது.

மைக் வந்தது, அடக்கமும் வந்தது

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. மைக் மெல்லிய குரலையும் பிடித்தது. கூட்டத்தின் கடைசி வரிசை வரை எட்டும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டிய தேவை குறைந்தது. மைக் இல்லாத நாடக மேடைகளில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாளின் கணீர்க் குரலையும், மைக்கோடு வளர்ந்த அடுத்த தலைமுறைப் பாடகிகளின் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த மாற்றம் காதுக்கே புரியும்.

தென்னிந்திய இசையில் ‘இயல்பான குரல்’ என்று நாம் சொல்வது மைக்கோடும் இசைத்தட்டோடும் சேர்ந்து உருவான ஒரு கருத்து என்கிறார் மானிடவியலாளர் அமாண்டா வைட்மன். உடலை அசைக்காமல், முகத்தில் பாவம் காட்டாமல், மைக் முன்னால் நின்று குரலை மட்டும் தருவது மரியாதைக்குரிய பாடகியின் அடையாளமானது. திரைப்படத்தின் பின்னணிப் பாடல் இதை இன்னும் இறுக்கியது. கதாநாயகிக்கு பி. சுசீலாவின் குரல், கிளப் நடனக்காரிக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். சிரிப்பும் பெருமூச்சும் முனகலும் இரண்டாவது வகைப் பாடலுக்கே உரியவை என்று ஒதுக்கப்பட்டன. இரண்டு பேருமே பெரும் கலைஞர்கள். ஆனால் பெண்ணின் மூச்சு கேட்டால் அவள் ‘அந்த மாதிரி’ப் பெண் என்ற பொருளை நம் காதுகள் இந்தப் பங்கீட்டிலிருந்து கற்றுக்கொண்டன.

இதைப் படித்தபோதுதான் நான் பெரியம்மாவின் பதிவில் ‘கேட்’ போட்டது நினைவுக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் எந்த ஒலியையும் அந்தக் கருவி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கதவை மூடிவிடும். ஒப்பாரியில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில்தான் விம்மல் இருக்கிறது. உள்ளே இழுக்கும் மூச்சில் தொண்டை அடைக்கும். அந்த அடைப்பிலிருந்து அடுத்த வரி பிறக்கும். நான் பாட்டை விட்டுவிட்டு அழுகையை மட்டும் வெட்டியிருந்தேன். மூச்சில்லாத, அடக்கமான, ‘சுத்தமான’ ஒரு பெண் குரல் கிடைத்தது.

1927: குறை யாருடையது?

அடுத்ததாக ‘கூர்மை’. பெண் குரல் கீச்சென்று இருக்கிறது, காதைக் குத்துகிறது என்ற புகார் வானொலி அளவுக்குப் பழையது. இசையமைப்பாளர் டினா டாலன் 2019இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் சாரத்தை இங்கே சொல்ல வேண்டும்.

1920களில் அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் பெருகி, ஒன்றன் ஒலி மற்றொன்றில் கலந்தது. 1927இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வானொலி ஆணையம் ஒவ்வொரு நிலையத்துக்கும் 10,000 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை ஒதுக்கியது. ஒலிபரப்பின் இயல்புப்படி, அதில் சுமார் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே அனுப்ப முடியும். தொலைபேசியோ இன்னும் குறுகலானது; 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் நீண்டகாலம் போய்வந்தது.

பேச்சின் அடிப்படைச் சுருதி ஆண்களுக்குப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்களுக்கு 200ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டுமே அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பவை. சிக்கல் மெய்யெழுத்துகளில் இருக்கிறது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி மிக உயரத்தில் இருக்கிறது. பெண் குரலில் அது இன்னும் மேலே போகிறது. 5,000இல் கோடு கிழித்தால் பெண் பேச்சுதான் அதிகம் இழக்கிறது. பேச்சு தெளிவில்லை என்று ஒலியைக் கூட்டினால் மீதமிருக்கும் பகுதி காதைக் குத்துகிறது.

அதே 1927இல் பெல் ஆய்வகத்தின் இதழில் ஜே.சி. ஸ்டெய்ன்பெர்க் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, ‘பெண்களைப் புரிந்துகொள்ளுதல்’. பெண்களின் பேச்சு ஆண்களின் பேச்சைவிடப் புரியக் கடினமானது என்றும், மென்மையாகப் பேசும்போதுதான் அது எடுபடும்படி இயற்கை அமைத்திருக்கிறது என்றும் அவர் முடிவுக்கு வந்தார். கருவியின் வாசலைக் குறுக்கியது மனிதர்கள். அதற்குள் நுழையத் திணறிய குரலின்மேல் விழுந்தது பழி. பழியை ஏற்றது இயற்கை!

நான் பயன்படுத்திய மென்பொருளில் ‘பெண் குரல்’ என்றே பெயரிட்ட தயார்நிலை அமைப்பு ஒன்று இருந்தது. ஒரே சொடுக்கில் நடுமேல் பகுதியைத் தணித்து, சீறலை அடக்கிவிடும். மனிதக் காதுக்கு மிக நுட்பமாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அழும் குழந்தையும் அலறும் பெண்ணும் அந்தப் பகுதியில்தான் நம்மைத் தொடுகிறார்கள். அதைத் தணித்ததும் பெரியம்மா சாந்தமாகிவிட்டார். டி-எஸ்ஸரை அதிகமாக்கியதில் அவர் ‘ராசா’ என்று கூப்பிட்ட இடமெல்லாம் ‘ராதா’ என்று மழுங்கிக் கேட்டது. செத்துப்போன ஆளின் பெயரையே மாற்றிவிட்டேன்.

வீடு என்ற ஸ்டுடியோ

பெண்களுக்கு ஸ்டுடியோவின் கதவு பாடுவதற்குத் திறந்த அளவுக்குக் கருவியைத் தொடுவதற்குத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் கணிதமும் இசையும் படித்த டிலியா டெர்பிஷயர் 1959இல் டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டபோது, பதிவுக்கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பிபிசியின் மின்னணு ஒலிக்கூடத்தை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவரான டாஃப்னி ஓரம், மறு ஆண்டே அங்கிருந்து விலகி, கென்ட் பகுதியில் தன் வீட்டிலேயே ஒலிக்கூடம் அமைத்துக்கொண்டார்.

வீட்டுப் பதிவின் வரலாற்றைச் சொல்பவர்கள் அமெரிக்காவின் லெஸ் பால் பெயரில் தொடங்குவார்கள். அவருடைய மனைவி மேரி ஃபோர்ட் பாடிய ‘ஹௌ ஹை த மூன்’ 1951இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. வீட்டில் பதிவானது அது. ஒரே நாடாவில் பழைய ஒலியின்மேல் புதிய ஒலியை ஏற்றிக்கொண்டே போகும் முறை. ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் முந்தையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று நாம் நினைத்த நேரத்தில் அழுத்தும் ‘அன்டூ’ அவர்களுக்கு இல்லை. பாடகர் மைக்கிலிருந்து தள்ளி நிற்பதே வழக்கமாக இருந்த காலத்தில், மேரி ஃபோர்ட் மைக்குக்கு மிக அருகில், காதில் பேசுவதுபோலப் பாடினார். அதே குரலை, அதே நெருக்கத்தில், அதே சுருதியில் திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்று பொருந்தப் பாடுவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! கண்டுபிடிப்பாளர் என்ற பட்டம் கணவருக்குப் போனது. அந்தக் கண்டுபிடிப்பு வேலை செய்ததற்குக் காரணமான தொண்டை மனைவியுடையது.

1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு தடங்கள் பதியும் ‘போர்ட்டாஸ்டுடியோ’வைக் கொண்டுவந்தது. தனி ஆளாக, வீட்டு அறையில் உட்கார்ந்து பாட்டை முழுதாக உருவாக்க முடிந்தது. ‘ரயட் கேர்ள்’ என்ற பெண்ணிய பங்க் இயக்கத்தின் முக்கியக் குரலான கேத்லீன் ஹன்னா, 1998இல் வெளியான ‘ஜூலி ரூயின்’ தொகுப்பைத் தன் குடியிருப்பிலேயே தனியாகப் பதிவு செய்தார். பெண்கள் தங்கள் படுக்கையறைகளில் எழுதி, பாடி, வரைந்து யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளும் படைப்புகள் வெளியே வர வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 2000இல் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் வெளியானது. இன்று என் மாணவிகளில் பலரின் கணினியில் அது இருக்கிறது.

கருவி இப்போது நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் கருவியோடு சேர்ந்து அதன் பழைய காதும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

கருவியைத் திருத்திய ஒரு குரல்

சூஸன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாடல் 1987இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இடம்பெற்றது. வாத்தியமே இல்லை, ஒரு பெண்ணின் தனிக் குரல். ஒலிக்கோப்புகளைச் சுருக்கும் எம்பி3 முறையை ஜெர்மனியில் உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அந்தப் பாடலைச் சுருக்கிப் பார்த்தார். வாத்தியங்கள் நிறைந்த இசையில் மறைந்துகொண்ட குறைகள் இந்தத் தனிக் குரலில் அப்பட்டமாக வெளிப்பட்டன. கேட்கவே சகிக்கவில்லை. அவர் பாடலை ஒதுக்கிவிடவில்லை. அதே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அது பிழையில்லாமல் ஒலிக்கும்வரை தன் முறையைத் திருத்தினார்.

1927ஐயும் இதையும் நான் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வதுண்டு. இரண்டிலும் பெண் குரல் கருவிக்குள் அடங்க மறுத்தது. முன்னதில் குரல் குறையுள்ளது என்று முடிவானது. பின்னதில் கருவியின் குறை என்று முடிவானது. பின்னதுதான் சரியான அறிவியல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சுருதித் திருத்தத்தில் நிலைமை மறுபடி தலைகீழானது. நிலத்தடியில் எண்ணெய் தேட ஒலி அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அந்தக் கணக்கை மனிதக் குரலுக்குத் திருப்பி 1997இல் ‘ஆட்டோ ட்யூன்’ மென்பொருளை வெளியிட்டார். பாடுபவர் தொட்ட சுருதிக்குப் பக்கத்திலிருக்கும் ‘சரியான’ சுரத்துக்கு அது குரலை நகர்த்திவிடும். சரியான சுரம் எது? வழக்கமாக, பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் ஒன்று. ஒப்பாரி எந்தக் கட்டையிலும் உட்காராது. மேலே வீறிட்டு எழுந்து, வரியின் கடைசியில் சரிந்து சரிந்து இறங்கும். அந்தச் சரிவுதான் அழுகை. நான் போட்ட திருத்தம் அந்தச் சரிவைப் படிக்கட்டாக்கியது. பெரியம்மா ஒவ்வொரு படியிலும் கால்வைத்து ஒழுங்காக இறங்கி வந்தார்.

எஃபெக்ட் போடுவதே பெண்ணுக்கு எதிரானது என்று நான் சொல்லவில்லை. செர் பாடிய ‘பிலீவ்’ பாடலில் (1998) குரல் இயந்திரம்போல உடைந்து ஒலிப்பது அவர் விரும்பி வைத்துக்கொண்டது. லாரி ஆண்டர்சன் தன் மேடை நிகழ்ச்சிகளில் கருவியின் உதவியால் குரலைத் தாழ்த்தி, அதிகாரத்தில் இருக்கும் ஆணைப்போலப் பேசி, அந்த அதிகாரக் குரலையே கேலி செய்தார். தன் குரலைத் தானே வளைப்பது கலை. அவர்கள் கை பொத்தானில் இருந்தது.

என் பெரியம்மாவின் கை பொத்தானில் இல்லை. மவுஸைப் பிடித்திருந்தது நான். முனைவர் பட்டம் வாங்கிய, மாதச் சம்பளக்காரியான, ஒப்பாரி பாடத் தெரியாத நான். இரண்டு பெண்களுக்கு இடையிலும் அதிகாரம் உண்டு. குரலுக்குச் சொந்தக்காரர் கருவியைத் தொடாதபோது, தொடுகிறவர் எவ்வளவு குறைவாகச் செய்கிறாரோ அவ்வளவு நல்லது. மூன்று இரவுகளையும் இத்தனை படிப்பையும் செலவழித்து நான் வந்துசேர்ந்த முடிவு இதுதான்.

மறுபடி, எளிதாக

பெரியம்மாவின் மூலப்பதிவை நான் அழித்துவிடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைத் திறந்து, அடுக்கிய அத்தனையையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து கேட்டேன். வீட்டில் பதிவு செய்ய நினைக்கும் தோழியருக்கு உதவலாம் என்பதால் இரண்டாம் முறை செய்ததை எழுதிவைக்கிறேன்.

பாதி வேலை மைக்கை வைக்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வரும்போது மூச்சு மைக்கில் மோதாது. பதிவின் அளவை, உரத்த இடம்கூட மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி அமைக்க வேண்டும். வீறிடும் குரல் ஒருமுறை உடைந்து பதிந்தால் பிறகு ஒட்டவைக்க முடியாது. மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஈக்வலைசரில் ஒரே ஒரு வேலை செய்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினேன். கீழே தெருவில் போன லாரியின் உறுமலும் காற்று மைக்கில் மோதிய அதிர்வும் அங்கே இருந்தன. பெரியம்மாவின் குரல் அங்கே இல்லை.

கம்ப்ரஸரை இரண்டுக்கு ஒன்று என்ற மென்மையான விகிதத்தில் வைத்தேன். மிக உரத்த இடங்களில் 2, 3 டெசிபெல்தான் அடங்கும். அதையும் மீறி இயர்போனில் காதை அறைந்த இரண்டு அலறல்களைக் கையாலேயே கொஞ்சம் இறக்கினேன். உரத்ததற்கும் தணிந்ததற்கும் உள்ள தூரம் அப்படியே இருந்தது. கேட், டி-எஸ்ஸர், சுருதித் திருத்தம், ரிவெர்ப் எதுவும் போடவில்லை. அவர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாடவில்லையே. கீற்றுக் கொட்டகையில் பாடினார்.

ஒவ்வொன்றைச் செய்தபிறகும் அதை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரத்து ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும். இதனால் என்ன நல்லது நடந்தது என்று எனக்கே ஒரு வரியில் சொல்ல முடியாத எதையும் எடுத்துவிட்டேன். மொத்த வேலையும் முக்கால் மணி நேரம்.

மறுபடி பெரியம்மாவின் காதில் மாட்டினேன். இந்த முறை யார் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாவது நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“இந்த எடத்துல நான் என் தங்கச்சியச் சொல்லிட்டேன். அது ஊருக்குத் தெரிய வேணாம் தாயி. அத எடுத்துரு.”

நான் அந்த இடத்தைக் கவனித்திருக்கவே இல்லை. வேறொருவருக்கான ஒப்பாரிக்குள் நாற்பது விநாடி, பதினெட்டு வயதில் போய்விட்ட தன் தங்கைக்காக அவர் அழுதிருந்தார். ஒப்பாரி எப்போதும் அப்படித்தான். எதிரே கிடத்தியிருக்கும் உடலைச் சாக்காக வைத்துப் பெண்கள் தங்கள் பழைய சாவுகளையெல்லாம் அழுதுகொள்வார்கள். பெரியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று கேட்டுக் கேட்டு வெட்டினேன். மூலப்பதிவிலிருந்தும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அந்தப் பதிவில் நடந்த ஒரே பெரிய வெட்டு அது. செய்யச் சொன்னவர் பாடியவர்.

நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. அதுபோன்ற தொகுப்புகள் இல்லாவிட்டால் இந்தப் பாடல்களின் சொற்களும் நமக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் அச்சில் விம்மலுக்கு எழுத்து கிடையாது. இழுவைக்கும் மூக்குச் சிந்துவதற்கும் வரி ஒதுக்க முடியாது. இப்போது நம் கையில் இருக்கும் கருவிகளால் அவற்றைப் பதிவு செய்ய முடிகிறது. பதிவு செய்துவிட்டு நாமே வெட்டிவிடாமல் இருந்தால் போதும்.

இந்தப் பருவத்தில் ஒப்பாரி வகுப்பன்று புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். 10 நிமிடம் 20 விநாடி. காகம் கரைந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அடுத்த விம்மல் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.